மார்வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் கை நுழைகிறதா?

குதிரை, மட்டக்குதிரை வைத்திருப்பவர்களுக்கு வார் பூட்டும் முறையும் பராமரிப்பும்

பல வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டில் ஒரு மட்டக்குதிரை இருந்தது. தோட்டத்திலிருந்து பசுந்தீவனமும், சொசைட்டிக்குப் பால் கேனும் அதன் வண்டியில்தான் போகும். தோல் மார்வார் அறுந்துபோன ஒரு மழைக்காலத்தில், 'சந்தைக்குப் போகும்போது புதுசு வாங்கிக்கலாம்' என்று அப்பா நைலான் கயிற்றை மூன்றாக முறுக்கிக் கட்டிவிட்டார். பத்து நாளில் நெஞ்சில் எட்டணா அளவுக்கு ஒரு புண். மஞ்சள் வைத்தோம், மேலே பொருக்குக் கட்டியது. ஆறிவிட்டது என்று நினைத்து மறுபடியும் பூட்டினோம்.

அடுத்த இரண்டாவது வாரம் குதிரை தீவனத்தை மெல்ல முடியாமல் நின்றது. கால்கள் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தன. வால் தூக்கி நின்றது. கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு பாதிக் கண்ணை மூடியது. கால்நடை மருத்துவர் பொருக்கை நீக்கியபோது உள்ளே சீழ். 'ரண ஜன்னி' என்றார். மூன்றாம் நாள் அது போய்விட்டது. கயிறு மிச்சப்படுத்திய பணம் சில நூறு ரூபாய். போனது ஒரு குடும்பத்தின் வண்டி, வருமானம், பிள்ளை மாதிரி வளர்த்த ஒரு ஜீவன்.

ரேக்ளா ஓட்டுபவர்கள், சுமை வண்டி வைத்திருப்பவர்கள், ஆசைக்கு ஒரு நாட்டுக்குதிரை வளர்ப்பவர்கள் என்று நம் வாசகர்களில் பலரிடம் குதிரை இருக்கிறது. தீவனம், லாடம் பற்றிக் கேட்கிறீர்கள். வார் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வாங்கும்போதே நெஞ்சைத் தடவிப் பாருங்கள்

ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக்குதிரை என்று வரிசையாக நிற்கும். பல், கால், சுழி எல்லாம் பார்ப்போம். அங்கே வார் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது இது: "சுழியப் பாக்கறது இருக்கட்டுங்க தம்பி. மொதல்ல நெஞ்சத் தடவிப் பாருங்க. பழைய ஓட்டுக்காரன் எப்படி வெச்சிருந்தான்னு அதுவே சொல்லிப் போடும்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வார் அழுத்தி, தோலுக்குள் முடி வேர் பாதிக்கப்பட்ட இடத்தில் திரும்ப முளைக்கும் முடி வெள்ளையாக வரும். செம்பட்டை அல்லது கறுப்புக் குதிரையில் நெஞ்சுக்குக் குறுக்கே, பிடரி மயிர் முடிகிற தோள்மேட்டில், முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் வெள்ளைத் திட்டு இருந்தால், அங்கே ஒரு காலத்தில் வார் கடித்திருக்கிறது என்று அர்த்தம். தடவும்போது தோல் தடித்திருக்கிறதா, குதிரை சுருங்குகிறதா, கடிக்கத் திரும்புகிறதா என்று பாருங்கள். திட்டு இருந்தால் வாங்கக் கூடாது என்பதில்லை. அந்த இடத்தில் மறுபடி வார் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மார்வார், இரண்டு வேலை

நாம் 'மார்வார்' என்று ஒரே பெயரில் சொன்னாலும், வண்டிக் குதிரையின் மார்வாரும் சவாரிக் குதிரையின் மார்வாரும் ஒன்றல்ல. வண்டிக் குதிரை நெஞ்சால் தள்ளித்தான் வண்டியை இழுக்கிறது. முழுப் பாரமும் அந்த வாரில்தான். சவாரிக் குதிரைக்கு மார்வார், சேணம் பின்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ள மட்டும். சவாரி மார்வாரை வண்டிக்குப் போட்டால் மெல்லிய வார் தோலை அறுக்கும்.

வண்டிக் குதிரைக்கு

அகலம்: நெஞ்சில் படும் பட்டை குறைந்தது 4 விரல் அகலம் இருக்கட்டும். உள்பக்கம் மெத்தென்று, மடிப்பும் முடிச்சும் இல்லாமல், ஓரம் உருட்டித் தைத்ததாக இருக்க வேண்டும். கயிறு எவ்வளவு தடியாக இருந்தாலும் அது உருண்டை. பாரம் ஒரு கோட்டில் விழும். பட்டையில் பாரம் பரவும்.

உயரம்: குதிரையின் முன்பக்கம் நின்று பாருங்கள். கழுத்தின் அடியில் மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இறங்கும் குழி தெரியும். இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் தோள்முனை எலும்பு தெரியும். வார் அந்தக் குழிக்குக் கீழே, தோள்முனைக்குச் சற்று மேலே, தரைக்கு இணையாகப் படுக்க வேண்டும். மேலே ஏறினால் பாரம் இழுக்கும்போது மூச்சு முட்டும், இருமும். கீழே இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் தோள்மூட்டில் உரசும். உயரத்தைப் பிடித்து நிறுத்துவது கழுத்துக்கு மேல் போகும் பட்டை. அதன் நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள்.

அசையும் குறுக்குக் கட்டை: பலர் கவனிக்காத விஷயம் இதுதான். குதிரை நடக்கும்போது இடது தோள், வலது தோள் என்று மாறி மாறி முன்னால் போகும். மார்வாரிலிருந்து வரும் இரண்டு இழுவார்களையும் வண்டிச் சட்டத்தில் நேராக இறுக்கிக் கட்டினால், தோள் அசையும், வார் அசையாது. நாள் முழுக்க ஆயிரக்கணக்கான முறை உரசும். இழுவார்களை ஒரு குறுக்குக் கட்டையின் இரண்டு முனைகளில் மாட்டி, அந்தக் கட்டையை நடுவில் ஒரே ஆணியில் சுழலும்படி வண்டியில் பொருத்துங்கள். தோளோடு சேர்ந்து கட்டையும் முன்னும் பின்னும் ஆடும், வார் நெஞ்சில் ஒட்டி நிற்கும். உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் அரை நாளில் செய்துவிடும் வேலை. எத்தனை மெத்தை வைத்தும் ஆறாத நெஞ்சுப் புண்கள் இந்தக் கட்டை வைத்தபின் ஆறியிருக்கின்றன.

வண்டியின் சமநிலை: இரண்டு சக்கர வண்டியில் ஆள், சுமை எல்லாம் ஏற்றியபின், முன்னால் நீளும் கைமரங்களைத் தூக்கிப் பாருங்கள். ஒரு கையால் லேசாகத் தூக்க முடிந்தால் சரி. கனத்தால் அந்தப் பாரம் முழுவதும் குதிரையின் முதுகில் இறங்கும். தானாக மேலே எழும்பினால் வயிற்றுவார் கீழிருந்து அறுக்கும். சுமையை முன்னே பின்னே நகர்த்தினாலே சரியாகிவிடும்.

இறக்கம்: மேட்டுப்பாங்கான ஊர்களில் பின்தொடைக்குக் குறுக்கே போகும் பின்வார் கட்டாயம். அது இல்லையென்றால் இறக்கத்தில் வண்டி குதிரையின் மேல் வந்து மோதும், அல்லது முதுகுப் பட்டையையும் வயிற்றுவாரையும் முன்னால் தள்ளும். சமதளத்தில் நிற்கும்போது பின்வாருக்கும் தொடைக்கும் நடுவே ஒரு உள்ளங்கை இடைவெளி இருந்தால் போதும்.

சவாரிக் குதிரைக்கு

எல்லாச் சவாரிக் குதிரைக்கும் மார்வார் தேவையில்லை. வயிறு பின்பக்கம் ஒடுங்கிய குதிரை, தோள்மேடு தட்டையான குதிரை, மேடு ஏறும் பாதை, தாண்டிக் குதிக்கும் பயிற்சி ஆகியவற்றில் சேணம் பின்னால் நழுவும். அதற்குத்தான் மார்வார். சேணமே குதிரைக்குப் பொருந்தாமல் நழுவினால் மார்வார் போட்டு மறைக்காதீர்கள். சேணத்தை மாற்றுங்கள்.

இதில் இரண்டு வகை பரவலாக உண்டு. முதலாவது, நெஞ்சுக்குக் குறுக்கே போய் இரண்டு பக்கமும் வயிற்றுவாரில் சேரும் ஒற்றைப் பட்டை. இதற்கும் மூச்சுக்குழிக்குக் கீழே, தோள்முனைக்கு மேலே என்ற அதே விதிதான். இரண்டாவது, நெஞ்சின் நடுவே ஒரு வளையம் வைத்து, அதிலிருந்து இரண்டு வார் மேலே சேணத்துக்கும், ஒரு வார் முன்னங்கால்களுக்கு இடையே வயிற்றுவாருக்கும் போகும் வகை. இதில் நெஞ்சு வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே உங்கள் மூடிய கை நுழைய வேண்டும். தோள்மேட்டின் அருகே உள்ளங்கை தாராளமாகப் போக வேண்டும்.

கால்களுக்கு இடையே போகும் வார் விறைப்பாக இருந்தால் வயிற்றுவாரை முன்னால் இழுத்து, முட்டிக்குப் பின்னால் புண்ணாக்கும். தொங்கினால் குதிரையின் கால் அதில் மாட்டும். லேசாகத் தளர்ந்து, ஆனால் தொங்காமல் இருப்பதே அளவு. வயிற்றுவார், முட்டிக்கு 4 விரல் பின்னால் இருக்கட்டும். இறுக்கியபின் முன்னங்கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்து முன்னால் நீட்டி விடுங்கள். வாருக்குள் மடிந்த தோல் நிமிர்ந்துவிடும்.

தலையைத் தூக்கும் குதிரை: மார்ட்டிங்கேல் கடைசி வழி

குதிரை தலையை அளவுக்கு மேல் தூக்காமல் தடுக்கப் போடுவது மார்ட்டிங்கேல். வடநாட்டு வியாபாரிகள் 'ஜேர்பந்த்' என்பார்கள். குதிரை தலையைத் தூக்கினால் உடனே இதை வாங்கிக் கட்டுவது நம்மிடம் உள்ள பழக்கம். அதற்கு முன்னால், ஏன் தூக்குகிறது என்று பாருங்கள். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கலாம். கடிவாள இரும்பு சின்னதாகவோ, தேய்ந்து முனை எழும்பியோ இருக்கலாம். சேணம் முதுகில் குத்தலாம். ஓட்டுபவரின் கை ஓயாமல் லகானை வெட்டி இழுக்கலாம். வலியால் தலையைத் தூக்கும் குதிரையைக் கட்டிப்போட்டால், அது பின்னங்காலில் எழும்பவும் விழவும் கூடும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் தேவைப்பட்டால் இரண்டு வகை உண்டு.

ஓடும் மார்ட்டிங்கேல்: வயிற்றுவாரிலிருந்து கிளம்பி, கால்களுக்கு இடையே வந்து, நெஞ்சில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு வளையங்களில் முடியும். அவற்றின் வழியே லகான் ஓடும். அளவு பார்க்க, லகானில் மாட்டாமல் இரண்டு வளையங்களையும் சேர்த்துத் தோளோடு ஒட்டி மேலே இழுங்கள். தோள்மேட்டுக்குக் கிட்டத்தட்ட எட்டினால் சரி. தலை இயல்பான உயரத்தில் இருக்கும்போது லகான், வாயிலிருந்து கைக்கு நேர்கோட்டில் போக வேண்டும். நடுவில் கீழ்நோக்கி ஒடிந்தால் வார் நீளம் போதாது. கடிவாளத்துக்கும் வளையத்துக்கும் நடுவே லகானில் ரப்பர் தடுப்பு போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் வளையம் லகானின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும், குதிரை மிரளும். இரண்டு ரப்பர் துண்டுதான், உயிரைக் காப்பது அது.

நிலை மார்ட்டிங்கேல்: இது நேராக மூக்குப்பட்டையில் மாட்டுவது. குதிரை தலையைச் சாதாரணமாக வைத்திருக்கும்போது, வாரைக் கையால் மேலே தள்ளினால் அது தொண்டைக் குழியைத் தொட வேண்டும். அதைவிடக் குட்டையாகக் கட்டாதீர்கள். மூக்குத் துளைக்கு அருகில் தாழ்ந்து கட்டும் பட்டையில் மாட்டவே கூடாது, மூச்சு அடைபடும். இதைப் போட்டுக்கொண்டு ஆறு, வாய்க்கால், ஏரியில் இறங்காதீர்கள். ஆழத்தில் கால் தவறினால் குதிரை தலையைத் தூக்கி மூக்கை வெளியே வைக்க முடியாது. தாண்டும் பயிற்சிக்கும் இது ஆகாது.

இரண்டு வகையிலும், கழுத்துப் பட்டையும் நெஞ்சு வாரும் சேரும் இடத்தில் ஒரு தடித்த ரப்பர் வளையம் இருக்க வேண்டும். வார் கால்களுக்கு நடுவே தொங்காமல் அது தடுக்கும்.

புண் இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும்

• நெஞ்சின் நடுவே, மேல்பக்கம் புண், ஓட்டும்போது இருமல்: வார் உயரமாக இருக்கிறது.
• இரண்டு தோள்முனையிலும் முடி உதிர்வு: வார் தாழ்ந்திருக்கிறது, அல்லது குறுக்குக் கட்டை அசையவில்லை.
• ஒரு பக்கம் மட்டும் புண்: இரண்டு இழுவார்களின் நீளம் சமமில்லை. கழற்றித் தரையில் போட்டு அளந்து பாருங்கள்.
• முட்டிக்குப் பின்னால் புண்: வயிற்றுவார் முன்னால் இருக்கிறது, அழுக்கேறியிருக்கிறது, அல்லது கால் இடை வார் இழுக்கிறது.
• தோள்மேட்டில் புண்: சேணம் உட்கார்ந்துவிட்டது, கழுத்துப் பட்டை இறுக்கம், அல்லது வண்டியில் முன்பாரம்.

எந்தப் பொருள் நல்லது?

தோல்: உடம்புக்கு வளைந்து கொடுக்கும், அவசரத்தில் அறுந்து குதிரையைக் காப்பாற்றும். ஆனால் பராமரிக்க வேண்டும். வாங்கும்போது வாரை மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்பு விழுந்தால் வேண்டாம். தையலை நகத்தால் நெம்பிப் பாருங்கள், கொக்கியின் ஊசி வளைகிறதா என்று பாருங்கள். பித்தளை, துருப்பிடிக்காத இரும்புக் கொக்கிகள் நல்லவை.

பருத்திப் பட்டை: மலிவு, வியர்வையை உறிஞ்சும், துவைக்கலாம். நம் வெயிலுக்கு ஏற்றது. மழையில் நனைந்தால் சுருங்கும், கனக்கும். மாற்றுப் பட்டை ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

நைலான்: உறுதியானது, தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, ஓரம் கத்தி மாதிரி. மாட்டிக்கொண்டால் அறுபடவும் செய்யாது. நைலான்தான் கைக்கு எட்டுகிறது என்றால், பழைய பருத்திப் போர்வையை மடித்து உறை தைத்து உள்பக்கம் போடுங்கள். அந்த உறையை அடிக்கடி துவையுங்கள். வியர்வை உப்புக் காய்ந்த உறை உப்புத்தாள் மாதிரிதான்.

பராமரிப்பு: தினமும் 5 நிமிடம்

வேலை முடிந்ததும் வாரின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள். குதிரையின் நெஞ்சையும் முட்டிக்குப் பின்பக்கத்தையும் தண்ணீர் ஊற்றிக் கழுவி உலர விடுங்கள். பூட்டுவதற்கு முன்பு மண், காய்ந்த வியர்வை, ஒட்டுப்புல் எதுவும் இல்லாமல் தேய்த்து விடுங்கள்.

தோல் வாரை வாரம் ஒரு முறை கொக்கிகளைக் கழற்றி, சேண சோப்பு அல்லது மென்மையான சோப்பால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். மாதம் ஒரு முறை தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ மெல்லியதாகத் தடவுங்கள். எண்ணெயில் ஊறப் போட்டால் தோல் தொளதொளத்து நீண்டுவிடும். மண்ணெண்ணெய், துணி சோப்புத்தூள், அடுப்புச் சூடு, நேர் வெயில் கூடாது. எலி எட்டாத உயரத்தில் அகலமான மர முளையில் தொங்கவிடுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் அந்த மடிப்பில்தான் முதலில் வெடிக்கும்.

புண் வந்துவிட்டால்

முதல் மருந்து ஓய்வு. அந்த இடத்தில் வார் படக் கூடாது. புண்ணுக்கு மேல் துணி வைத்துப் பூட்டுவது வைத்தியம் ஆகாது. கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்புக் கலந்து கழுவுங்கள். ஈ மொய்க்காமல் புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவலாம். பழைய இன்ஜின் ஆயில், சுண்ணாம்பு, பேட்டரித் தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். வீக்கம், சீழ், நாற்றம், சூடு இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். புது முடி முளைத்து, அழுத்தினால் வலி இல்லை என்று ஆன பிறகே பூட்டுங்கள்.

ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருக்கிறது. வளர்ப்பு விலங்குகளில் அதற்கு அதிகம் பலியாவது குதிரை இனம்தான். தடுப்பூசி உண்டு. முதலில் சில வார இடைவெளியில் 2 ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் ஊக்க ஊசி. எங்கள் குதிரைக்கு அதைப் போட்டிருந்தால் இன்னும் பல வருடம் இருந்திருக்கும்.

சட்டமும் இதைச் சொல்கிறது

1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, புண்ணோ நோயோ இருந்து வேலைக்குத் தகுதியில்லாத விலங்கைப் பூட்டுவது குற்றம். 1965-ம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகள் முள் வைத்த கடிவாளம், முள் வைத்த வார் இரண்டையும் தடை செய்கின்றன. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல், இடைவேளை இல்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டக் கூடாது.

வாசகர் கேள்விகள்

*"கழுதைக்குக் குதிரை மார்வாரையே போடலாமா?"*

அப்படியே போடக் கூடாது. கழுதையின் நெஞ்சு ஒடுக்கம், தோள்மேடு தட்டை. குதிரை வார் தொங்கி, தோள்முனைக்குக் கீழே இறங்கிவிடும். கூடுதல் துளை போட்டுக் கட்டினால் கொக்கி தப்பான இடத்தில் போய் உட்காரும். அளவெடுத்துத் தைப்பதே நல்லது. பொருத்தும் விதிகள் ஒன்றுதான்.

*"என் குதிரை கடிவாளம் போட்டாலே தலையை ஆட்டுகிறது, தீவனத்தை உருட்டித் துப்புகிறது. மார்ட்டிங்கேல் போடலாமா?"*

வேண்டாம். தீவனத்தை உருட்டித் துப்புவது பல் தொந்தரவின் அடையாளம். மருத்துவரிடம் காட்டிக் கூர் பல்லை ராவி விடுங்கள். வருடம் ஒரு முறை பல் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் தலையாட்டமும் அதோடு நின்றுவிடும்.

*"மழைக்காலத்தில் தோல் வாரில் பூசணம் பிடிக்கிறது. என்ன செய்வது?"*

வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, சோப்பு ஈரத்துணியால் மறுபடி துடைத்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். பாலித்தீன் பையில் சுற்றி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்தித் துணியில் சுற்றலாம்.

கடைசியாக ஒன்று. பூட்டியதும் வண்டியில் ஏறுவதற்கு முன்பு, மார்வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் உள்ளங்கையை விட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓட்டுங்கள். எங்காவது கை சிக்கினாலோ, மணல் உரசினாலோ, குதிரை முகம் திருப்பினாலோ, அன்றைக்குக் கழற்றிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.